கடல் கடந்த குடும்பமும் பிள்ளையின் பள்ளியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கல்வி அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நிறைந்த இவ்வாண்டு விழாவில், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். செயலாளர் அவர்கள் எனக்குச் சொன்ன காரணத்தையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் நம் உறுப்பினர் குடும்பங்கள் பல, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் சென்றுவிட்டன. இன்னும் சில பெட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் சங்கத்தை நாடி வந்து கேட்கும் கேள்விகளில் வீட்டு வாடகையைப் பற்றியது ஒன்று என்றால், பிள்ளையின் பள்ளியைப் பற்றியவை பத்து. இத்தலைநகரில் நெடுநாள் உயர்வகுப்புகளுக்குப் பாடம் சொன்னவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, அக்கேள்விகளுக்கு இன்று என்னை விடை கூறப் பணித்திருக்கிறார்கள்.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் தென்னாட்டிலிருந்து இவ்வூருக்கு உத்தியோகம் பெற்று வந்தபோது, அவர்கள் முன் நின்றதும் இதே கேள்விதான். மொழி வேறு, பாடத்திட்டம் வேறு, மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்பதும் தெரியாது. அந்நிலையில் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர்கள் 1920-களில் ஊன்றப்பட்டவை. இன்று அக்கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. பம்பாய் மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர், ஊர்விட்டு ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள் எங்கே சென்றாலும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக, 1963-இல் கேந்திரீய வித்யாலயங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் மூன்று மாஸ்கோவிலும் தெஹ்ரானிலும் காத்மாண்டுவிலும் இருக்கின்றன என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள்.

இதே தேவை மேனாட்டாருக்கும் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின், நாடுகளின் சங்கமும் உலகத் தொழிலாளர் நிறுவனமும் ஜெனீவா நகரில் அமைந்தன. பல நாட்டு அலுவலர் அங்கே குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் எந்த நாட்டுப் பாடத்தைப் படிப்பது? அவ்வலுவலரும் சில கல்வியாளரும் கூடி 1924-இல் அங்கே ஒரு பன்னாட்டுப் பள்ளியைத் தோற்றுவித்தார்கள். அதாவது, ஜெனீவாவில் அலுவலர் செய்ததும் இங்கே நம்மவர் செய்ததும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்த, ஒரே தன்மையான செயல்கள். வெளியூரில் வேலை செய்யும் தகப்பனின் கவலையிற் பிறந்தவையே அவ்விருவகைப் பள்ளிகளும். ஆதலால், பன்னாட்டுப் பள்ளி என்றவுடன் நாம் மருளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

மயக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்வது எளிது. நம் நாட்டிலேயே இன்று சிற்றூரில்கூட அப்பலகையைக் காண்கிறோம். எனவே பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழையாதீர்கள். அப்பள்ளி எந்த வாரியத்தின் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றது, அவ்வாரியம் அப்பள்ளியை ஏற்றிருக்கின்றதா என்பதை முதலிற் கேளுங்கள். வாரியங்கள் தாம் ஏற்ற பள்ளிகளின் பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. ‘விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் கிடைத்துவிடும்’ என்று சொல்லும் பள்ளியில், பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளையைச் சேர்த்தல் தகாது.

நிற்க. பெற்றோர் என்னிடம் வந்தவுடன் கேட்பது, “அங்கே எந்தப் பள்ளி சிறந்தது?” என்பதே. நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது, “அங்கிருந்து எங்கே போகப் போகிறீர்கள்?” என்பது. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தாலொழிய முதற் கேள்விக்கு விடையில்லை. இரண்டு மூன்று ஆண்டில் இந்தியா திரும்புவோர் ஒரு வகை. அந்நாட்டிலேயே தங்கிப் பிள்ளையை அங்கேயே பல்கலைக்கழகத்தில் சேர்ப்போர் மற்றொரு வகை. இன்று துபாய், நாளை லண்டன், அதன்பின் எங்கோ என்று நிறுவனம் அனுப்பும் இடமெல்லாம் செல்வோர் மூன்றாம் வகை. இம்மூவர்க்கும் ஒரே பள்ளி நல்ல பள்ளியாக இருக்க முடியாது.

முதல் வகையினரைப் பார்ப்போம். திரும்பி வருவது உறுதி என்றால், நம் நாட்டுச் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமே அவர்களுக்குப் பெரிதும் பொருந்தும். அவ்வாரியத்தோடு இணைந்த பள்ளிகள் இருபதுக்கும் மேற்பட்ட அயல்நாடுகளில் உள்ளன. வளைகுடா நாடுகளில் மிகுதி. கட்டணமும் பெரும்பாலும் மற்றப் பன்னாட்டுப் பள்ளிகளை விடக் குறைவு. ஏப்ரலில் ஆண்டு தொடங்குவதும், பாடநூல் ஒன்றாயிருப்பதும், வந்து சேரும்போது பிள்ளைக்குத் தடங்கலின்றி உதவும். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ‘நீட்’ தேர்வும், பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ‘ஜே.இ.இ.’ தேர்வும் எதிரே நிற்கின்றன. நீட் தேர்வுக்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களே அடித்தளம் என்பதை அத்தேர்வு எழுதிய எந்த மாணவனும் சொல்வான்.

இவ்வகையினர் ஒன்றை மறத்தலாகாது. சி.பி.எஸ்.இ. முறையில் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரு தொடர். பதினொன்றும் பன்னிரண்டும் மற்றொரு தொடர். வேறு பாடத்திட்டத்திலிருந்து பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ நடுவே நுழைவதற்கு வாரியத்தின் விதிகள் எளிதில் இடந்தருவதில்லை. ஆகவே பயணத்தை ஒன்பதாம் வகுப்புக்கு முன்னதாகவோ, பத்தாம் வகுப்பு முடிந்த கையோடோ வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியிடம் எதற்கெல்லாமோ கெஞ்சுகிறோம். ஆறு மாத அவகாசம் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவதாக, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் முறை. அப்பல்கலைக்கழகம் பள்ளித் தேர்வு நடத்தத் தொடங்கியது 1858-இல். கடல் கடந்து டிரினிடாட் தீவில் முதன்முதலாகத் தேர்வு வைத்தது 1863-இல். இன்று நாம் கேள்விப்படும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988-இல் முதன்முறையாக நடந்தது. ஏறத்தாழ நம் பத்தாம் வகுப்புக்கு ஒப்பானது அது. அதன்பின் ‘ஏ லெவல்’ என்னும் இரண்டாண்டுப் படிப்பு. பெரும்பாலான மாணவர் மூன்றே பாடங்களை எடுத்து ஆழமாகப் படிப்பர். தன் நாட்டம் எது என்று தெளிந்த பிள்ளைக்கு இது மிக ஏற்றது. தெளியாத பிள்ளைக்கு, பதினாறு வயதிலேயே பல கதவுகளை அடைத்துவிடும்.

இதில் நம்மவர் இடறும் கல் காலக் கணக்கு. ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை மே, ஜூன் மாதங்களில் எழுதினால் முடிவு ஆகஸ்டில் வரும். இங்கே பதினொன்றாம் வகுப்போ ஏப்ரலில் தொடங்கிவிடும். ஏ லெவல் முடிவும் ஆகஸ்டில்தான். அதற்குள் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் சேர்க்கை நெடுந்தூரம் போய்விடும். திரும்பி வர எண்ணுவோர், இவ்விடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைச் சேரும்போதே திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, ஐ.பி. என்று சுருங்கச் சொல்லப்படும் பன்னாட்டுப் பட்டயப் படிப்பு. 1968-இல் ஜெனீவாவில் இதற்கான நிறுவனம் பதிவாயிற்று. நான் முன்னர்ச் சொன்ன அந்த 1924-ஆம் ஆண்டுப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு இதன் தோற்றத்தில் பெரும்பங்கு உண்டு. நாடு நாடாகப் போகும் பிள்ளைக்கு எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதன் அமைப்பைச் சற்றே விளக்குகிறேன். கடைசி இரண்டாண்டுகளில் மாணவன் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும். அவற்றுள் மூன்றையேனும் உயர்நிலையிலும், மற்றவற்றைப் பொதுநிலையிலும் படிப்பான். பாடத்துக்கு 7 புள்ளி. ஆறுக்கும் சேர்த்து 42. அவற்றோடு, அறிவு என்பது என்ன, நாம் ஒன்றை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் ஒரு வகுப்பு. 4,000 சொற்களுக்கு மிகாத ஓர் ஆய்வுக் கட்டுரை. இவ்விரண்டுக்கும் 3 புள்ளி. ஆக மொத்தம் 45. பட்டயம் பெற 24 புள்ளியேனும் வேண்டும். இவையன்றிக் கலை, உடற்பயிற்சி, தொண்டு ஆகியவற்றிலும் மாணவன் ஈடுபட்டாக வேண்டும். மனப்பாடத்தால் மட்டும் இப்படிப்பைக் கடக்க இயலாது. தானே படித்து, தானே எழுதி, காலத்தைத் தானே பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் உள்ள பிள்ளை இதில் மலர்வான். இல்லாத பிள்ளை முதல் ஆறு மாதம் திணறுவான்.

இப்படிப்பைத் தேர்வோர் கவனிக்க வேண்டிய ஒன்றை, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டு சொல்லுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். மருத்துவராக வேண்டும் என்பது சிறு வயது முதல் அவள் கனவு. தகப்பனாருக்கு அயல்நாட்டில் வேலை கிடைத்தது. நிறுவனமே கட்டணம் செலுத்தும் என்றதும், ஊரிலேயே பெயர்பெற்ற ஐ.பி. பள்ளியில் சேர்த்தார். ஆறு பாடங்களை ஆறு தொகுதிகளிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. கலைத் தொகுதியை விட்டு இன்னோர் அறிவியலை எடுக்கலாம். ஆக, வழக்கமான ஏற்பாட்டில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். நம் நாட்டு மருத்துவச் சேர்க்கைக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றையும் எடுப்பதற்குத் தனி இசைவு பெறும் வழி ஒன்று அம்முறையிலேயே உண்டு. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே பள்ளியின் வாயிலாகக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று பெற்றோர்க்குத் தெரியவில்லை. இந்திய மருத்துவச் சேர்க்கையின் விதி பள்ளிக்குத் தெரியவில்லை. உண்மை புலப்பட்டபோது ஓராண்டு கழிந்துவிட்டது. அந்தப் பெண் இன்று வேறு துறையில் நன்றாகவே இருக்கிறாள். ஆயினும், ஒரு குழந்தையின் வாழ்வுப் பாதை அவள் விருப்பத்தாலோ திறமைக் குறைவாலோ அன்றி, யாரும் கேட்காத ஒரு கேள்வியால் மாறிப்போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. இன்று நான் இம்மேடையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொறியியலையோ கணக்கையோ நாடும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 2019 முதல் ஐ.பி. கணக்கில் இரண்டு வழிகள் உள்ளன: பகுப்பாய்வை முதன்மையாகக் கொண்டது ஒன்று; நடைமுறைப் பயன்பாட்டை முதன்மையாகக் கொண்டது மற்றொன்று. பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பல முதலாவதையே, அதுவும் உயர்நிலையில், எதிர்பார்க்கின்றன. எளிதாக இருக்கும் என்று பிள்ளை மற்றதை எடுத்துவிட்டு வந்தால், அன்றே விசாரியுங்கள். அயல்நாட்டுச் சான்றிதழ் எதுவாயினும், இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்தின் சமநிலைச் சான்று தேவைப்படுமா என்பதையும், தமிழகத்தில் இடம் கோருவதாயின் பிறப்பிடச் சான்றின் நிபந்தனைகள் யாவை என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இவ்விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றவை. உறவினர் சொல்லை நம்பாமல் அவ்வாண்டின் அறிவிப்பையே படியுங்கள்.

இனி, அந்நாட்டிலேயே தங்குவோருக்கு வருவோம். அவர்களுக்குப் பன்னாட்டுப் பள்ளிதான் வேண்டும் என்று யார் சொன்னது? அந்நாட்டுப் பொதுப்பள்ளி பல இடங்களில் மிக நல்ல வழி. ஜெர்மனியில் அரசுப் பள்ளிக்குக் கட்டணமில்லை; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக் கற்பிப்பதற்கு அங்கே சட்டம் இடந்தருவதுமில்லை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் தரவாரியாக வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். ஏழு வயதில் செல்லும் குழந்தை அம்மொழியைப் பேச்சோடு பேச்சாகக் கற்றுக்கொண்டு அப்பிரிவைக் கடந்துவிடும். பதினைந்து வயதில் செல்லும் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் இலக்கணமும் கற்று, அம்மொழியிலேயே வரலாறும் வேதியியலும் எழுதுவது பெரும் மலை. அப்பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பன்னாட்டுப் பள்ளி தேவைப்படலாம்.

நெதர்லாந்தில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. குறுகிய காலம் வேலைக்கு வந்த அயல்நாட்டாரின் பிள்ளைகளுக்காக, அரசின் நிதியுதவி பெறும் பன்னாட்டுப் பள்ளிகள் அங்கே இயங்குகின்றன. தனியார் பன்னாட்டுப் பள்ளிகளை நோக்க அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பெற்றோரின் வேலை ஒப்பந்தத்தைக் காட்டித் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலும் இருக்கக்கூடும். வேலை உறுதியான நாளிலேயே விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும்.

சிங்கப்பூரிலோ தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. அரசுப் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம் என்றவுடன் நம் நெஞ்சம் குளிர்கிறது. ஆயினும் அயல்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. அதனால் அங்கே செல்லும் குடும்பங்கள், இரண்டாவது வழியொன்றையும் கையில் வைத்துக்கொள்வது நன்று.

மூன்றாம் வகையினர், நாடு விட்டு நாடு போவோர். இவர்களுக்கு நான் சொல்லுவது: ஒரு பாடத்திட்டத்தைப் பற்றிக்கொண்டு அதையே எங்கும் தொடருங்கள். ஊர் மாறலாம், ஆசிரியர் மாறலாம், பாடத்திட்டமும் மாறினால் பிள்ளைக்குக் காலூன்ற இடமில்லை. பதினான்கு வயது முதல் பதினெட்டு வரை உள்ள காலத்தை, நாற்று நட்டு வேர் பிடிக்கும் காலம் என்று கொள்ளுங்கள். அப்போது பிடுங்கி நடுவதாயின், இரண்டாண்டுப் படிப்பு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் மட்டுமே செய்யுங்கள்.

பள்ளியை நேரில் ஆராயும் முறையையும் கூறிவிடுகிறேன். வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏட்டையும் நீச்சற் குளத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, ஆண்டுதோறும் எத்தனை ஆசிரியர் விலகிச் செல்கின்றனர்? பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியரும் ஒப்பந்தத்துக்கு வந்தவரே. நடுவாண்டில் இயற்பியல் ஆசிரியர் போய்விட்டால் பாடம் யார் நடத்துவார்? இரண்டாவது, சென்ற ஆண்டு தேர்வெழுதிய அனைவரின் முடிவும் எப்படி? முதல் மூவரின் படத்தை எல்லாப் பள்ளியும் மாட்டும். நம் பிள்ளை நடுவில் நிற்பவனாயின், நடுவில் நின்றவர் கதி என்னாயிற்று என்பதே நமக்கு வேண்டும். மூன்றாவது, ஆங்கிலத்திலோ அந்நாட்டு மொழியிலோ பின்தங்கிய பிள்ளைக்குத் தனி உதவி உண்டா? ஐக்கிய அரபு நாடுகளின் தனியார் பள்ளிகளில் அரபு கட்டாயப் பாடமாயிருப்பதை இங்கே நினைவில் வையுங்கள். நான்காவது, மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆசிரியர் இந்தியச் சேர்க்கை விதிகளை அறிவாரா? ஐந்தாவது, அரசோ பிற அமைப்போ ஆய்வு செய்து எழுதிய அறிக்கை உண்டா? துபாயில் 2008 முதல் தனியார் பள்ளிகள் ஆய்வு செய்யப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

பணத்தைப் பற்றிப் பேச நாம் கூசக்கூடாது. கட்டணத்தை நிறுவனம் செலுத்துமாயின், எத்தனை ஆண்டுக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்பு வரை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை, பேருந்து, சீருடை, தேர்வுக் கட்டணம் இவையெல்லாம் விளம்பரத்தில் காணும் தொகைக்கு மேற்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை போனால் என்ன செய்வது என்ற கேள்வியை, வேலை இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் நாட்டவர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். கையில் ஒரு பையோடு இறங்கிய அக்குடும்பங்களின் பிள்ளைகள் நடுவாண்டில் இங்கே பள்ளிக் கதவுகளைத் தட்ட வேண்டியதாயிற்று. அத்தகைய நாள் யாருக்கும் வர வேண்டாம். எனினும் மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளை ஊரிலுள்ள ஒருவரிடமும் கொடுத்து வைப்பது அறிவுடைமை. இங்கிருந்து கொண்டு செல்லும் சான்றிதழ்களுக்கு ‘அப்போஸ்டில்’ முத்திரை போதுமா, தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பயணச் சீட்டு வாங்குமுன் அதை முடித்துவிடுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! இதுவரை சொன்னவை விதிகளும் கணக்குகளும். இவற்றை எழுதி வைத்துப் படித்துவிடலாம். இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதன்று.

1950-களில் ரூத் யூசீம் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் தம் கணவரோடு நம் இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலை செய்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். அக்குடும்பங்களின் பிள்ளைகள் தாய்நாட்டின் வாழ்க்கையிலும் முற்றும் சேராமல், தங்கிய நாட்டின் வாழ்க்கையிலும் முற்றும் சேராமல், இரண்டுக்கும் இடையே தமக்கென ஒரு வாழ்முறையை அமைத்துக்கொள்வதை அவர் கண்டார். அத்தகைய பிள்ளைகளுக்கு மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயரிட்டார். நம் மண்ணில் அயலார் பிள்ளைகளைக் கண்டு தோன்றிய அச்சொல், இன்று அயல்மண்ணில் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது. இத்தகைய பிள்ளைகள் பல மொழி பேசுவர், யாரோடும் எளிதிற் பழகுவர், அது நன்மையே. ஆனால் “உன் ஊர் எது?” என்று யாரேனும் கேட்டால், விடை சொல்லத் தயங்குவர். அத்தயக்கத்தைப் போக்க எந்தப் பள்ளியாலும் இயலாது. வீட்டால் இயலும்.

அங்கேதான் தமிழ் வருகிறது. சி.பி.எஸ்.இ. தேர்வில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. ஆயினும் எல்லாப் பள்ளியிலும் தமிழாசிரியர் இருப்பதில்லை. ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள். பல பெற்றோர் கேட்டால்தான் பள்ளி ஆசிரியரை நியமிக்கும். யாரும் கேட்காவிட்டால், தேவையில்லை என்றே கொள்ளும். ஐ.பி. பட்டயப் படிப்பில், பள்ளியில் கற்பிக்கப்படாத தாய்மொழியின் இலக்கியத்தை, பள்ளியின் மேற்பார்வையில் மாணவன் தானே பயின்று பொதுநிலையில் தேர்வெழுதும் வழி ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அவ்வழியைத் திறந்து தர முடியுமா என்று பள்ளியின் ஒருங்கிணைப்பாளரைக் கேட்பதில் நமக்கு நட்டமொன்றுமில்லை. ஆனால் பதினாறு வயதில் அப்படித் தேர்வெழுத வேண்டுமாயின், ஆறு வயது முதல் எழுத்து மறவாதிருக்க வேண்டும். தமிழ் பேச்சில் மட்டும் நின்று, எழுத்தில் இல்லாது போனால், ஊரிலுள்ள பாட்டியின் கடிதத்தைப் பேரனுக்கு வேறொருவர் படித்துச் சொல்லும் நிலை வரும். நம்மிற் சிலர் வீட்டில் அந்நிலை இத்தலைநகரிலேயே வந்துவிட்டது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் பிள்ளையையும் உட்கார வையுங்கள். வீடு மாறுவதைப் பற்றியும், சாமான்களை விற்பதைப் பற்றியும் எல்லாரிடமும் பேசுகிறோம். யாருடைய நண்பர்கள் பிரியப் போகின்றனரோ, யாருடைய பாடம் மாறப் போகின்றதோ, அவரிடம் மட்டும் கடைசியில் சொல்லுகிறோம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் தெரியாது என்பது உண்மை. ஆனால் தனக்கு எந்தப் பாடத்தில் பயம், எதில் மகிழ்ச்சி, பெரிய பள்ளியில் தொலைந்துபோவோமோ என்ற அச்சம் உண்டா இல்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் ஐ.பி. படித்து அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் போனான் என்பது நம் பிள்ளைக்குப் பள்ளி தேடப் போதிய காரணமாகாது. பெற்றோரின் பெருமைக்காகத் தேர்ந்தெடுத்த பள்ளியில் பிள்ளை தனியே உண்டு, தனியே திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவாக, இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் முன்னோரைப் போல இன்று நாம் அயல்நாடுகளில் பள்ளி கட்ட இயலாது, கட்ட வேண்டியதுமில்லை. ஆனால் ஒரு குறிப்பேடு தொடங்கலாம். எந்த நகரில் நம் உறுப்பினர் குடும்பம் இருக்கிறது, அவர்தம் பிள்ளைகள் எவ்வகைப் பள்ளியில் எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கின்றனர், புதிதாக வருவோருக்கு வழிசொல்ல அவர்கள் இசைவார்களா என்பவற்றை அவர்கள் அனுமதியோடு எழுதி வைத்தால், அடுத்துப் பெட்டி கட்டும் குடும்பம் இருளில் துழாவ வேண்டியிராது. சென்ற இடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் கூடினால், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரலாம். அதற்குக் கட்டடம் வேண்டாம். ஒரு வீட்டின் கூடம் போதும். அரிச்சுவடிகளை அனுப்பி வைக்கும் பொறுப்பை நம் சங்கம் ஏற்கட்டும். முதல் ஐம்பது படிகளுக்கான செலவை நான் தருகிறேன்.

 பாட்டுக் கேட்க வந்த இளைஞர்கள் என்னை மன்னிப்பார்களாக. அவர்களிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பெற்றோராகி இதே கேள்வியைக் கேட்பார்கள். அப்போது இம்மலர் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.